பந்தலுக்கு வர வேண்டாம், பேரவையில் இருங்கள்: மதுரை மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேலூர், மதுரை கிழக்கு, சோழவந்தான், மதுரை வடக்கு, மதுரை தெற்கு, மதுரை மத்தி, மதுரை மேற்கு, திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி ஆகிய பத்துத் தொகுதிகளின் மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

நான் மேலூர் வட்டத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊருக்கும் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கும் மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, கண்மாய்க் கரையில் ஆக்கிரமிப்பு, பேருந்து நிற்காத நிறுத்தம் என்று எதற்கும் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். அந்த மனுக்களில் பெரும்பங்கு உங்களுக்கு முன்பு இந்தத் தொகுதிகளில் இருந்தவர்களுக்கு எழுதியவை. எந்தக் கட்சியிலும் நான் உறுப்பினன் அல்லன். சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் பொதுவாழ்வு எதில் செலவாகிறது, எதில் செலவாக வேண்டும் என்பதைப் பற்றி உங்கள் பத்துப் பேரிடமும் ஒரே நேரத்தில் பேச வேண்டியிருப்பதால் இதைத் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மூத்த மகளின் திருமணம் பங்குனி மாதத்தில் நடந்தது. அப்போதைய உறுப்பினரின் வீட்டுக்கு மூன்று முறை போய், தாம்பூலத் தட்டுடன் அழைப்பிதழ் வைத்து, அவசியம் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவரும் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கண்களில் தூக்கம் இல்லாத சிவப்பு. மணமக்களை வாழ்த்தி, படம் எடுத்துக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டார். அவருக்குப் பின்னால் நின்ற உதவியாளரின் கையில் ஒரு துணிப்பை இருந்தது. வழியில் வாங்கிய மனுக்களும், அடுத்தடுத்துப் போக வேண்டிய விழாக்களின் அழைப்பிதழ்களும் அதில் கலந்து கிடந்தன. மேலாக இருந்த ஒரு மனுவின் ஓரத்தில் சந்தனக் கறை படிந்திருந்தது. எழுத்து என்னுடையது. எங்கள் கண்மாயின் கீழமடையைப் பற்றி நான் எழுதிக்கொடுத்த மனு அது.

கை கழுவ எழுந்தபோது அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “வாத்தியார் ஐயா, இன்னைக்குத்தான் பாசனத்துக்கான மானியக் கோரிக்கை. உங்க மடையைப் பத்தியும் பேசணும்னு குறிப்பு எழுதி வச்சிருந்தேன். வரலைன்னா நீங்க மனசு சங்கடப்படுவீங்களேன்னு நேத்து ராத்திரி ரயில் ஏறிட்டேன்.” ஒரு துறையின் ஆண்டுச் செலவுக்குப் பேரவையின் ஒப்புதல் கேட்கும் விவாதம்தான் மானியக் கோரிக்கை. அவர் குறைபட்டுக்கொள்ளவில்லை. என்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்தே சொன்னார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

அந்த மடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம். அதற்குக் கீழே நாங்கள் ஒருபோகம்; அதிலும் கடைமடை. கால்வாயில் தண்ணீர் திறந்து எங்கள் கண்மாய்க்கு வந்து சேர்வதற்குள், நாள் பிரித்து முறைவைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனம் தொடங்கிவிடும். வந்த தண்ணீரையாவது தேக்கலாம் என்றால், கீழமடையின் அடைப்புப் பலகை துருப்பிடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. மணல் மூட்டையைப் பழைய சேலையில் சுற்றி, வைக்கோல் பிரியைத் திணித்து, இரண்டு பேர் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி அடைப்பார்கள். இரவில் மூட்டை நகர்ந்துவிடும். காலையில் போய்ப் பார்த்தால் ஓடைக்குள் தண்ணீர் சலசலத்துப் போய்க்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு அரசின் கணக்கில் ஒரு தூசு. ஆனால் அந்தத் தூசையும் யாராவது அவையில் எழுந்து நின்று கேட்க வேண்டும். அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் அவைக்குறிப்பில் ஏற வேண்டும். கேட்க வேண்டியவர் அன்று என் மகளின் திருமணப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். அழைத்தவன் நான்.

ஐயா, அம்மா, எங்கள் பகுதியின் வழக்கம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுவிழா, திருமணம் எல்லாவற்றையும் ‘இல்ல விழா’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே வைக்கும் பதாகையில் உங்கள் படம் மாப்பிள்ளையின் படத்தைவிடப் பெரிதாக இருக்கும். நீங்கள் வந்தால் அழைத்தவருக்கு ஊரில் ஒரு மதிப்பு. வராவிட்டால் அடுத்த தேர்தல் வரை ஒரு வருத்தம். துக்க வீடு என்றால் இன்னும் கடினம். மாலையோடு போகாதவரை எங்கள் மக்கள் எளிதில் மன்னிப்பதில்லை. மாசியிலும் பங்குனியிலும் வரிசையாக முகூர்த்தங்கள் வருகின்றன. நிதிநிலை அறிக்கைக் கூட்டத்தொடரும் மானியக் கோரிக்கைகளும் பெரும்பாலும் அதே காலத்தில்தான் வருகின்றன. ஆண்டு முழுவதும் அவை கூடும் நாட்களோ மிகக் குறைவு. இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்பதே அரசியலமைப்பின் 174ஆம் பிரிவு வைத்திருக்கும் கட்டாயம். அந்தச் சில நாட்களையும் நாங்கள் எங்கள் பந்தல்களுக்காகப் பிடுங்கிக்கொள்கிறோம்.

இதில் உங்களுக்குப் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். பந்தலில் கிடைக்கும் கைதட்டல் உடனே கிடைக்கிறது. அவையில் கேட்கும் கேள்விக்கு யாரும் மாலை போடுவதில்லை. தொகுதிக்குள் தென்பட்டுக்கொண்டே இருப்பதுதான் அரசியல் என்று உங்களுக்கு முன்னோடிகள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் 234 பேருக்கு மட்டுமே திறந்திருக்கும் ஒரு கதவு உங்களிடம் இருக்கிறது. 194ஆம் பிரிவின்படி, அந்தக் கதவுக்கு உள்ளே நீங்கள் பேசிய பேச்சுக்காக எந்த நீதிமன்றமும் உங்களை விசாரிக்க முடியாது. நான் எத்தனை மனு எழுதினாலும் அந்த உரிமை எனக்கு இல்லை. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை தோறும் வரிசையில் நிற்கும் எங்கள் மக்கள் யாருக்கும் இல்லை.

அவையில் நடப்பது எங்கள் வாழ்வை எப்படித் தொடும் என்பதை மதுரை மாவட்டம் கண்ணாரக் கண்டிருக்கிறது. சல்லிக்கட்டுத் தடையால் அலங்காநல்லூர் வாடிவாசல் திறக்காமல் கிடந்த ஆண்டுகளை யாரும் மறக்கவில்லை. 2017 ஜனவரியில் இளைஞர்கள் இரவு பகலாக அங்கே உட்கார்ந்தார்கள். மதுரை தமுக்கத்திலும் சென்னைக் கடற்கரையிலும் உட்கார்ந்தார்கள். அந்தக் கூட்டத்தின் குரல் சட்டமாக மாறிய இடம், ஜனவரி 23 அன்று பேரவை நிறைவேற்றிய திருத்தச் சட்டம்தான். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லும் என்று சொன்னதும் அந்தச் சட்டத்தைத்தான்.

அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். குடைவரைச் சிவன் கோயிலும் சமணர் படுக்கைகளும் சுனைகளும் உள்ள ஊர். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அதையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தபோது, மேலூர் வட்டத்தில் கடையடைத்தோம், கிராம சபைகளில் தீர்மானம் போட்டோம். 2024 டிசம்பர் 9 அன்று பேரவை கட்சி வேறுபாடின்றி ஒரே குரலில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. அன்று எங்கள் தேநீர்க் கடையில் தொலைக்காட்சியைச் சுற்றி நின்ற கூட்டத்தை நான் பார்த்தேன். கடைக்காரர் பாலைக் கூட இறக்கிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை நாங்கள் நடந்து வந்தோம். அதே மாதம் 23ஆம் நாள் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் நடந்தார்கள் என்பது உண்மை. அந்த நடைக்கு முன்னால் ஒரு தீர்மானம் அவைக்குறிப்பில் இருந்தது என்பதும் அதே அளவு உண்மை.

இவை பெரிய செய்திகள், எல்லோரும் பேசுவார்கள். உசிலம்பட்டிப் பக்கத்து 58 கிராமக் கால்வாயைப் போன்றவையே நாள்தோறும் கேட்க வேண்டியவை. வைகை அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 67 அடியை எட்டினால்தான் அந்தக் கால்வாயில் தண்ணீர் விட முடியும். ஒவ்வொரு முறையும் அந்த மக்கள் கோரிக்கை வைத்து, போராடி, ஆணை வாங்க வேண்டியிருக்கிறது. நிரந்தர அரசாணை வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கையை இடைவிடாமல் எழுப்ப, ஓர் உசிலம்பட்டி உறுப்பினர் மட்டும் போதாது. நீங்கள் பத்துப் பேரும் கட்சியை ஒரு கணம் மறந்து அடுத்தடுத்து எழுந்து கேட்டால் அந்தக் கேள்வியின் கனமே வேறு.

இனி, என் மனத்தை நெடுநாளாக உறுத்தும் ஒன்றைச் சொல்கிறேன். நம் மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர்களை நாம் நினைவுகூரும் முறையே பிழைபட்டுப் போயிற்று. தும்பைப்பட்டி எங்களுக்குப் பக்கத்து ஊர். கக்கன் பிறந்த ஊர். அவரைப் பற்றி எந்தப் பள்ளி விழாவில் யார் பேசினாலும் முதலில் வருவது மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் அவர் படுத்திருந்த செய்திதான். நானும் முப்பது ஆண்டுகள் அதையே பிள்ளைகளுக்குச் சொன்னேன். சொல்லத் தகுந்த செய்திதான். ஆனால் அதோடு முடித்துக்கொண்டால் அந்த மனிதருக்கு நாம் செய்வது அநீதி.

1939இல், தாழ்த்தப்பட்டோர் நுழையத் தடை இருந்த மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றவர்களில் அவரும் ஒருவர். 1952இல் மக்களவைக்குப் போனார். 1957 முதல் 1967 வரை பத்து ஆண்டுகள் மாநில அமைச்சர். பொதுப்பணித்துறை அவரிடம் இருந்த காலத்தில்தான் 1959இல் வைகை அணை திறக்கப்பட்டது. அதே மனிதர்தான் 1965இல், மதுரையில் மூண்டு தமிழ்நாடெங்கும் பரவிய இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது உள்துறை அமைச்சராக இருந்தார். அவருடைய அரசியல் வாழ்வை முழுமையாகச் சொல்வதென்றால் அணையையும் சொல்ல வேண்டும், அந்தப் போராட்டத்தின்போது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டையும் சொல்ல வேண்டும். ஓர் ஏழை மாணவன் அந்த மனிதரிடமிருந்து நேர்மையை மட்டுமன்றி, அதிகாரம் எவ்வளவு கடினமான பொறுப்பு என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொள்வான். மருத்துவமனைக் கட்டிலை மட்டும் காட்டினால் அவனுக்குக் கிடைப்பது கண்ணீர் மட்டுமே.

மதுரை கிழக்கில் இரண்டு முறை, 2001இலும் 2006இலும் வென்ற தோழர் நன்மாறனுக்கும் இதே நிலைதான். அவர் 2021 அக்டோபரில் மறைந்தபோது எல்லோரும் எழுதியது, வாடகை வீட்டையும் பேருந்துப் பயணத்தையும், ஆட்சியரிடம் வீடு கேட்டுக் கொடுத்த மனுவையும்தான். நான் அவர் மேடைப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சிரிக்க வைத்துக்கொண்டே நெஞ்சில் தைக்கும்படி பேசுவார். ‘மேடைக் கலைவாணர்’ என்ற பட்டம் அவருக்குப் பொருத்தமானதே. ஆனால் அவர் மறைந்த வாரத்தில், பத்து ஆண்டு உறுப்பினராக இருந்தவர் அவையில் என்ன கேட்டார் என்று, அவரை மெய்யாகவே நேசித்த ஏழெட்டுப் பேரிடம் விசாரித்துப் பார்த்தேன். அவர் ஏறிய பேருந்தின் எண்ணைச் சொன்னார்கள். அவர் கேட்ட ஒரு கேள்வியை எவராலும் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. எளிமையைப் போற்றிப் போற்றி, உழைப்பைக் கேட்க மறந்துவிட்டோம்.

இதற்கும் முன்னால் அதே மதுரை கிழக்கில் 1967இல் வென்றவர் கே.பி. ஜானகியம்மாள். நாடக மேடையில் பாடிப் பெயர் பெற்று, விடுதலைப் போரில் சிறை சென்று, ஈட்டியதையெல்லாம் இயக்கத்துக்குக் கொடுத்தவர். அவர் உறுப்பினராக இருந்த அந்த அவைதான் 1967 ஜூலை 18 அன்று ‘தமிழ்நாடு’ என்ற பெயருக்கான தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. மதுரையில் அவர் நகைகளை விற்ற கதையைச் சொல்லும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தீர்மானம் நிறைவேறிய அவையில் நம் மாவட்டத்துக்கு அவரும் ஓர் உறுப்பினர் என்பதை நான் இதுவரை எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை.

நாளை உங்களைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார்கள். எளிமையானவர் என்றோ, கூப்பிட்ட விழாவுக்கெல்லாம் வந்தவர் என்றோ, நிழற்குடை கட்டியவர் என்றோ. தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் வருகிறது. அதில் நிழற்குடையும் நியாயவிலைக் கடைக் கட்டடமும் கலையரங்கமும் எழுகின்றன. வரவேற்கிறேன். எங்கள் ஊர் நிழற்குடையில் ஊரின் பெயரைவிட உறுப்பினரின் பெயர் நான்கு மடங்கு பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்கிறேன். சாக்கடை அடைப்புக்கும் தெருவிளக்குக்கும் மாநகரில் 100 மாமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சிற்றூர்களில் அது ஊராட்சிகளின் பொறுப்பு. அந்த வேலைகளை அவரவரிடம் கேட்கும்படி எங்களைப் பழக்குங்கள். அதற்கு நீங்கள் கொஞ்சம் மனத்திடத்துடன் ‘இது என் வேலை அன்று’ என்று சொல்ல வேண்டியிருக்கும்.

உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். பேரவை நடக்கும் நாட்களில் தொகுதியில் எந்த இல்ல விழாவுக்கும் வருவதில்லை என்று பத்துப் பேரும் சேர்ந்து அறிவித்துவிடுங்கள். ஒருவர் மட்டும் அறிவித்தால் அவர் கர்வி ஆகிவிடுவார். பத்துப் பேரும் அறிவித்தால் அது வழக்கம் ஆகிவிடும். அவை நடக்காத நாட்களில் தாராளமாக வாருங்கள், எங்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் ஒரே ஒரு தாள் அச்சிடுங்கள். எத்தனை நாள் அவையில் இருந்தீர்கள், என்னென்ன வினா எழுப்பினீர்கள், எந்தக் கவன ஈர்ப்புத் தீர்மானத்தில் பங்கெடுத்தீர்கள், எந்த மானியக் கோரிக்கையில் என்ன பேசினீர்கள், அமைச்சர் என்ன பதில் தந்தார், ‘பரிசீலிக்கப்படும்’ என்று சொன்னவற்றில் எது நடந்தது, எது அப்படியே கிடக்கிறது என்ற விவரம் போதும். உங்கள் படமோ தலைவர்களின் படங்களோ அதில் வேண்டாம். அந்தத் தாளை ஊராட்சி அலுவலகத்திலும் கிளை நூலகத்திலும் நியாயவிலைக் கடைச் சுவரிலும் ஒட்டச் செய்யுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு முறையும் ஓர் ஊருக்கு நீங்களே வந்து அந்தத் தாளைப் படியுங்கள். கேள்வி கேட்க நாங்கள் இருக்கிறோம். நீங்கள் கேட்டுப் பெற்ற பதில்களின் முழுத் தொகுப்பை, 2023இல் நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஆண்டுதோறும் ஒப்படையுங்கள். உங்கள் வாழ்வைப் பற்றி எழுத வரும் நாளைய பிள்ளை, பேருந்து எண்ணோடு திரும்பிப் போகக் கூடாது.

எங்கள் தரப்பிலிருந்து ஒன்றைச் செய்திருக்கிறோம். பேரவை நடக்கும் நாளில் சட்டமன்ற உறுப்பினரை விழாவுக்கு அழைப்பதில்லை என்று எங்கள் ஊர் மந்தையில் கூடிப் பேசி முடிவெடுத்தோம். இரண்டு பேர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வீட்டில் அடுத்த மாதம் விழா இருக்கிறது. அவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. நானும் ஒருநாள் அப்படித் தாம்பூலத் தட்டோடு நின்றவன்தான்.

வரும் பங்குனியில் என் பேத்திக்குக் காதணி விழா. எந்தத் திருமணத்தன்று அந்த மடையைப் பற்றிய பேச்சு நின்றுபோனதோ, அந்தத் தம்பதியின் மகள் அவள். மேலூர் உறுப்பினர் அவர்களுக்கு அழைப்பிதழ் அனுப்பமாட்டேன். அழைப்பிதழுக்குப் பதிலாக, அவையில் கேட்கும் முறையிலேயே எழுதிய ஒரு வினாவை அனுப்புகிறேன்:

“மாண்புமிகு நீர்வளத்துறை அமைச்சர் அவர்கள், மேலூர் வட்டத்தில் பெரியாறு பிரதானக் கால்வாயின் ஒருபோகப் பாசனப் பகுதியில் பழுதடைந்த கண்மாய் மடைகள் எத்தனை என்பதையும், அவற்றைச் சீரமைக்க அரசு ஆவன செய்யுமா என்பதையும், செய்யுமெனில் எப்போது என்பதையும் தெரிவிப்பாரா?”

எங்கள் கண்மாயின் பெயரும், கீழமடையின் நிழற்படமும், எங்கள் கண்மாய்ப் பாசனச் சங்கத்தார் நாற்பத்தொரு பேரின் கையொப்பமும் தனி உறையில் உள்ளன. மானியக் கோரிக்கை நாளன்று நாங்கள் தேநீர்க் கடையில் இருப்போம்.

இப்படிக்கு,
மேலூர் வட்டத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்